நாயுடுகாரு சொன்ன முப்பத்திரண்டு பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, விறகு போட வந்த முனியம்மா என் கொல்லையில் நின்றுகொண்டு சிரித்தாள். லேசான சிரிப்பு இல்லை. தலையில் இருந்த சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

என்னைப் பார்த்துத்தான்.

காரணம், ஒரு செடி.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு அந்தச் செடி ஞாபகம் இருக்கும். போன சித்திரையில் அதைப் பற்றி இங்கே எழுதினேன். கொல்லையில் மாமரத்து நிழலில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக, யாரும் வைக்காமல் தானாக முளைத்த செடி. உயரம் நாலடி ஐந்தங்குலம். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். பளபளவென்ற கரும்பச்சை, ஓரம் அலை அலையாக. வெள்ளைப் பூ, ஐந்து இதழ், மல்லிகை வாசனை. பெயர் தெரிந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தேன். பதினான்கு கடிதங்கள் வந்தன. பதினான்கில் பதினோரு பெயர்கள். ஒரு வாசகர் மட்டும் செடியின் பெயரை விட்டுவிட்டு என் மூட்டு வலிக்குத் தைலம் எழுதியிருந்தார். அவருக்கு நன்றி.

ஆனால் அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. இன்று அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு அவசரமாக வேண்டியிருக்கவில்லை.

எண்ணுவது என் வியாதி. சர்வே ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்தவனுக்கு வேறென்ன வரும்? கோர்ட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் மாலை வேளைகளில் நாங்கள் ஒன்பது பேர் உட்காருவோம். தமிழ், தெலுங்கு என்று எல்லை பிரிந்து, திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று. எங்கள் சித்தூர் தெலுங்குப் பக்கமே நின்றது. பிள்ளைகள் உத்தியோகம் மதராஸ் பக்கம் மாறியதால் நாலு பேர் கூடவே போனார்கள். மூன்று பேர் எந்த சர்க்காருக்கும் கட்டுப்படாத இடத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர், பக்கத்து வீட்டு நாயுடுகாரு — அவர் என்னால் வருவதை நிறுத்தினார். மிச்சம் ஒன்று. அந்த ஒன்று நான்.

ஒன்பது பேர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? நடுவில் உட்காருவதா, ஓரத்தில் உட்காருவதா என்பதே ஒரு பிரச்சினை. நடுவில் உட்கார்ந்தால் யாரோ வரப்போகிற மாதிரி இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும். ஒரு வாரம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, பார்க்குக்குப் போவதையே விட்டேன்.

நாயுடுகாரு ஏன் நின்றார்?

என்னுடைய எண்ணிக்கையால்.

எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்தபோது, எங்கள் தெருவில் தமிழ் வீடு எத்தனை, தெலுங்கு வீடு எத்தனை என்று கணக்கு வேண்டும் என்றார்கள் எங்கள் கட்சிக்காரர்கள். என்னிடம் கேட்கலாமா? கேட்டுவிட்டார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. வீடு வீடாகப் போகவேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியாத வீடா என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினேன். தமிழ் இருபத்து மூன்று, தெலுங்கு பத்தொன்பது. அந்த இருபத்து மூன்றில் நாயுடுகாரு வீடும் ஒன்று.

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயரானவர், குரல் எப்போதும் இரண்டு பிளாட்ஃபாரத்துக்குக் கேட்கும்.

“என் வீட்டை எண்றதுக்கு நீ யாரு முதலியாரே?”

முப்பது வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் ‘நீ’.

“உம்ம சம்சாரம் ராணிப்பேட்டைப் பெண். உம்ம வீட்டு அடுக்களையில் தமிழ்தானே பேசுகிறார்கள்?” என்றேன்.

“அடுக்களை வேற, நான் வேற!”

அத்தோடு நிற்கவில்லை. மறுநாளே அவர் தன் கட்சிக்காரர்களுக்கு ஒரு கணக்கு எழுதினார். முதலியார் கோபம் வந்தால் தெலுங்கில்தான் திட்டுகிறார், அதனால் அவர் வீடு தெலுங்கு வீடு என்று என் வீட்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அவர் கணக்கில் இருபத்தொன்று, இருபத்தொன்று. சரிபாதி! கூடவே, தனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அவரைத் தெலுங்கிலேயே திட்டினேன். அவர் என்னைத் தமிழிலேயே திட்டினார். அப்புறம் மூன்று வருஷம் ஏழு மாதம் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

நடுவில் என் மனைவி கனகம் இறந்தாள். நாயுடுகாரு வந்தார். கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுடுகாடு வரை நடந்தார். பதின்மூன்று நாளும் காலையில் வந்து நின்றுவிட்டுப் போனார். ஒரு வார்த்தையாவது சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். நானும் பூஜ்யம்தான், சொல்லவேண்டும்.

பிள்ளை மதராஸில் இருக்கிறான். “வீட்டைப் பூட்டிட்டு வந்துடுங்க நைனா, அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?” என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறான். நியாயமான கேள்வி. பதில் எழுத உட்காருவேன். இங்கே யார் இருக்கிறார்கள்? பேனாவை மூடிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான், போன பங்குனியில் ஒருநாள் விடிந்தபோது, செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கொல்லையெல்லாம் வாசனை. வாசனைக்குக் காம்பவுண்டு சுவர் தெரியுமா? தெரியாது. அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

“ஏமண்டி... மல்லியா?”

மூன்று வருஷம் ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. நான் நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“மல்லிக்கு இவ்வளவு பெரிய இலை இருக்குமா?”

“அப்போ ஏமிட்டி?”

“தெரியாது.”

“தெரியாதா!” என்றார். என் வாயில் இருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில் அவருக்குப் பரம சந்தோஷம். போய்விட்டார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மறுபடி தலை தெரிந்தது. “நந்தியாவட்டை.”

ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினேன். “நந்தியாவட்டை என்றால் பால் வரவேண்டும். எங்கே பால்?”

“ராத்திரி யோசிச்சுச் சொல்றேன்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. தினம் மாலை ஐந்து மணி. நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நாயுடுகாரு சொன்ன பெயர், நிராகரித்த காரணம் — மூன்று பத்தி. எல்லா நாளும் புதுப்பெயர் வராது. பெயர் வராத நாளில் வெயிலைப் பற்றிப் பேசுவோம். அவர் சம்சாரம் பேறுகாலம் பார்க்க வேலூரில் மகள் வீட்டுக்குப் போனவர், பேரன் நடக்க ஆரம்பித்தும் திரும்பவில்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அவரும் கையால் பொங்கித் தின்கிறவர். எங்கள் இருவர் வீட்டுப் புகையும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது, ஒரே நேரத்தில் தீய்ந்த வாசனை வருகிறது.

எல்லைச் சண்டையைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசியில் காய் பிடித்து, கொத்துக் கொத்தாகப் பச்சையாக நின்றபோது, திருப்பதியில் ஒரு காலேஜில் தாவரவியல் சொல்லித் தருகிறவர் இருக்கிறார், அவரிடம் காட்டலாம் என்று சொன்னேன். நாயுடுகாருவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“திருப்பதி எதுக்கு? அனாவசியம். இன்னும் நாலஞ்சு பேரு எனக்கு ஞாபகம் இருக்குது.”

இருந்தாலும் போனேன். ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றி டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துக்கொண்டேன். புரட்டாசி மாத பஸ் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நாற்பத்தொரு பேர். திரும்பி வரும்போது இருபத்தாறு மொட்டை. அந்த லெக்சரர் நல்ல பையன், வயது முப்பது இருக்கலாம். வாடிப்போன கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெட்சிக் குடும்பம் மாதிரி இருக்கு சார். பழுத்த பழம் கொண்டு வாங்க. ஒரு பழத்துல எத்தனை விதைன்னு பார்க்கணும். அது தெரிஞ்சா சொல்லிடுவேன்.”

தை பிறந்தது. பழம் பழுத்தது. நல்ல சிவப்பு, இலந்தைப்பழத்தில் சின்னது அளவு. மொத்தம் முந்நூற்று நாற்பது. இருபது பழத்தைப் பிதுக்கிப் பார்த்தேன். பத்தொன்பதில் இரண்டு இரண்டு விதை, வழவழவென்று, முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு. ஒன்றில் மட்டும் ஒரே விதை, உருண்டையாக, தனியாக.

திருப்பதிக்குப் போயிருக்க வேண்டியதுதானே?

போகவில்லை. முழங்கால் வலி. பஸ்ஸில் கூட்டம். பழம் வழியில் நசுங்கும். லெக்சரர் லீவில் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை சூலம். ஆக, ஐந்து காரணங்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாவது காரணத்தை எழுதவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் சுவருக்கு மேல் அந்தத் தலை எதற்காக வரும்?

இனி முனியம்மா.

முனியம்மாவுக்கு நகரி பக்கம். ஐம்பது வயது இருக்கும். வாரம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு விறகு போடுகிறவள். வழக்கமாக வாசலிலேயே போட்டுவிட்டுப் போவாள். அன்று வாசலில் தண்ணீர் தேங்கியிருந்ததால் கொல்லைக்குக் கொண்டு வந்தாள். கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னா நைனா, பழம் பழுத்து விழுந்துகினு கீது. பறிக்காம இன்னா பண்றே?”

“அது என்ன பழம் என்று தெரியவில்லையே அம்மா.”

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

“தெரிலயா! காத்தால ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி கோர்ட்டாண்ட ஓட்டலுக்கு ஓடுறியே, எதுக்கு?”

“காபி குடிக்க.”

“அத்தான் நைனா இது!”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

“நாலு வருசம் குடகுல எஸ்டேட்டுல பழம் எடுத்துகினு இருந்தவ நானு. எங்கிட்ட கேக்க மாட்டியா? காப்பிச் செடியை வீட்ல வெச்சிகினு, இன்னா செடி இன்னா செடின்னு ஊரெல்லாம் லெட்டரு போடுறியாமே நைனா!”

முப்பத்து நாலு வருஷம் கனகம் கையால் குடித்திருக்கிறேன். நாளைக்கு இரண்டு டம்ளர். லீப் வருஷத்தைச் சேர்க்காமல் இருபத்து நாலாயிரத்து எண்ணூற்று இருபது. டம்ளரை எண்ணியவன், கொட்டையை ஒருநாளாவது கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கறுப்புப் பொடியாக டப்பாவில் பார்த்ததுதான். வெள்ளையாக, வழவழவென்று, பழத்துக்குள் உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

“யாரு வெச்சது நைனா?” என்று கேட்டாள் முனியம்மா.

“யாரும் வைக்கவில்லை” என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தேன். நின்றுவிட்டேன்.

என் மைத்துனர் ஏற்காட்டில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டை அனுப்புவார். தோலோடு காய்ந்த பழம். கனகம் அதை உரலில் போட்டு இடிப்பாள். முறத்தில் புடைப்பாள். எங்கே உட்கார்ந்து? அந்த மாமரத்தடியில். உமியைத் தள்ளுவது எங்கே? அந்த வாய்க்கால் ஓரத்தில். உமியோடு ஏதோ ஒன்று தப்பியிருக்கிறது. அப்புறம் வறுப்பாள், அரைப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பித்தளை டப்பா, சுவருக்கு மேலாக, நாயுடுகாரு வீட்டு அடுக்களைக்குப் போகும்.

சண்டை வந்த பிறகும் அந்த டப்பா போய்க்கொண்டுதான் இருந்தது. அவள் எனக்குத் தெரியாது என்று நினைத்தாள். நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்.

“அம்மா கையா?” என்றாள் முனியம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. இப்போது சிரிக்கவில்லை.

தலையை ஆட்டினேன்.

“கொடுத்து வெச்ச கை. இந்த வெயிலு ஊர்ல இது பொழைக்காது நைனா. நெழலும் தண்ணியும் இருந்ததால தப்பிச்சிது.”

எல்லாம் சரி. ஆனால் எனக்கு உடனே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவள் இப்படியே பக்கத்து வீட்டுக்கும் விறகு போடப் போவாள். வாய் சும்மா இருக்குமா?

“முனியம்மா, இதை யாரிடமும் சொல்லாதே” என்றேன். குரலைத் தாழ்த்தி, “முக்கியமாக... பக்கத்து வீட்டில்.”

அவள் சும்மாட்டை உதறித் தோளில் போட்டாள். மறுபடி அந்தச் சிரிப்பு.

“அட போ நைனா! பொங்கலுக்கு முன்னாடியே அவரு வீட்டுச் செவுத்தாண்ட நின்னு பாத்துட்டு அவரு கைல சொல்லிட்டேன். ‘அந்த முதலியாரு கைல மட்டும் சொல்லிடாதே தாயி’ன்னு அவரும் இத்தையேதான் சொன்னாரு. இன்னாங்கடா இது, ரெண்டு கெழமும் காப்பிச் செடிய திருட்டு நகை மாரி மறைக்குதுங்கோன்னு நெனச்சேன்!”

அவள் போனபின் நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

பங்குனி முதல் பொங்கல் வரை நாயுடுகாரு சொன்ன பெயர்கள் இருபத்திரண்டு. எல்லாம் யோசித்துச் சொன்ன பெயர்கள். களா, வெட்சி, நுணா... ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒன்பது. இலந்தை என்றிருக்கிறார். முள்ளே இல்லாத செடியைப் பார்த்து! ஒருநாள் கறிவேப்பிலை என்றிருக்கிறார். ஒருநாள் — நான் பொய் சொல்லவில்லை, நோட்டில் தேதியோடு இருக்கிறது — பப்பாளி என்றிருக்கிறார். மனிதருக்கு வயதாகிவிட்டது, பார்வை போய்விட்டது, டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று நான் உண்மையிலேயே கவலைப்பட்டேன். அதே வாரத்தில், “செடிக்கு மேக்கு வெயில் ஆகாது முதலியாரே, ஒரு தட்டி கட்டுங்க” என்று ஒரு பழைய தட்டியையும் சுவருக்கு மேலே கொடுத்திருக்கிறார். பப்பாளிக்கு யாராவது தட்டி கட்டுவார்களா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஒன்பது பொய். எனக்காக. இல்லை, எனக்காக மட்டும் இல்லை.

அன்று மாலை ஐந்து மணி. தலை தெரிந்தது.

“முதலியாரே, நல்லா யோசிச்சேன். இது கொய்யாவுல ஒரு காட்டு ஜாதி.”

நான் செடியின் பக்கம் போனேன். ஒரு இலையைத் தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

“காது நாயுடுகாரு. கொய்யாவுக்குப் பட்டை உரியும்” என்றேன், ‘இல்லை’ என்பதை அவர் தெலுங்கிலேயே சொல்லி.

“காதா?”

“காது.”

“சரி. நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். எவ்வளவு திருப்தி அந்தக் குரலில்! முப்பத்திரண்டாவது பெயர். காரணத்தோடு நோட்டில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் பழத்தையெல்லாம் பறித்து, விழுந்ததையும் பொறுக்கி, மொட்டை மாடியில் சாக்கு விரித்துக் காயப்போட்டேன். பன்னிரண்டு நாள் காயவேண்டும், கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கவேண்டும் என்று முனியம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். பிதுக்கியது இருபது போக முந்நூற்று இருபது. அதில் ஏழெட்டு டம்ளர் தேறுமாம். கனகத்தின் உரலைக் கழுவி வைத்தேன். இரண்டு வருஷத்துத் தூசி, ஐந்து குடம் தண்ணீர்.

மாலையில் தலை தெரிந்தது. வெறும் செடியைப் பார்த்தார்.

“பழமெல்லாம் எங்கே?”

“குருவி கொத்திக்கொண்டு போய்விட்டது.”

“எத்தனை குருவி?”

“எண்ணவில்லை.”

நாயுடுகாரு என்னை வெகுநேரம் பார்த்தார்.

“நீங்க... எண்ணலையா?”

அவ்வளவுதான் கேட்டார். அன்று பெயர் எதுவும் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு வந்தார். வெயிலைப் பற்றிப் பேசினோம். பேசி முடித்த பிறகும் ஒரு கால் மணி நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக, சும்மா நின்றோம். செடியைப் பார்க்கக்கூட இல்லை.

பிள்ளைக்கு இன்று காலை பதில் எழுதிப் போட்டேன். வீட்டைப் பூட்ட இப்போது தோதுப்படாது, கொட்டை காயப்போட்டிருக்கிறேன் என்று. அவனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. புரியவேண்டாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கொட்டை காய்ந்து, இடித்து, வறுத்து ஆகியிருக்கும். கருகியும் இருக்கலாம். வறுப்பது எனக்கு முதல் தடவை.

நாயுடுகாரு இதைப் படிக்கப் போவதில்லை. தமிழ் படிக்கத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். இருந்தும், நான் போன மாதம் இந்தப் பக்கத்தில் சித்தூர் மார்க்கெட்டுக்கு நாலு வாசல் என்று எழுதியதற்கு, மறுநாளே சுவருக்கு மேல் தலையை நீட்டி, “அஞ்சு” என்றார். யாரோ படித்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த யாரோ இதையும் படித்துச் சொல்லட்டும்: ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. சுவர் வழியாக அல்ல, வாசல் வழியாக. டம்ளர் இரண்டு கழுவி வைத்திருக்கிறேன் — முப்பத்து மூன்றாவது பெயரை மறக்காமல் கொண்டுவரவும்.